இரண்டு வாசல்

கொம் ஓம்போ கோயிலில் எல்லாமே இரண்டு.
முதலைமுகச் சாமிக்கு வலப்பக்கம் ஒரு வாசல்
பருந்துமுகச் சாமிக்கு இடப்பக்கம் ஒரு வாசல்.
யாருக்கும் மனக்குறை வரக்கூடாதென்று
நடுவில் கோடு கிழித்துக் கட்டியிருக்கிறார்கள் என
வழிகாட்டி மெத்ஹத் விளக்கிக்கொண்டிருந்தபோது
என் உடம்பும்
இரண்டு வாசல் வைத்த கட்டடம்தான் என்பது
எனக்கு நினைவூட்டப்பட்டது.

படித்துறையில் குடித்த கரும்புச்சாறு.
ஐஸ் வேண்டாம் என்றுதான் சொல்லியிருந்தார்கள்.
வெயில் நாற்பத்து மூன்று.

முதல் மண்டபத்தில் தூண்களை எண்ணினேன்.
இரண்டாவதில் மூச்சை.
அதற்குப் பிறகு எதையும் எண்ணவில்லை,
பின்சுவரை நோக்கி ஓடினேன்.

அங்கே கல்லில் இரண்டு காதுகள்.
உள்ளே விடப்படாத சனங்கள்
வெளியே நின்று முறையிடச் செதுக்கியவையாம்.
பிள்ளை இல்லை, இந்த வருடம் வெள்ளம் வரவில்லை,
அளந்து போட்ட கோதுமையில் பங்காளி ஏமாற்றிவிட்டான்,
இப்படி ஈராயிரம் வருடம் கேட்ட காதுகள்
அன்றைக்குக் கேட்டது
என் குடல் புரளும் ஓசையை.

நீல அங்கிக் காவலாளி ஓடி வந்தார்.
அபராதம் என்று நினைத்தேன்.
தன் குடிதண்ணீரைச் சாய்த்துக் கல்லைக் கழுவினார்.
பூனை மூடுவதுபோல்
காலால் மணலைத் தள்ளி மூடினார்.
‘ஸலாம்திக்’ என்றார்.
திட்டவில்லை என்பது மட்டும் புரிந்தது.

கப்பல் மூன்று மணிக்கு.
மெத்ஹத் கைக்கடிகாரத்தையும் என்னையும்
மாறி மாறிப் பார்த்தான்.
மற்ற இருபத்து மூன்று பேரும்
எத்ஃபூ கோயிலுக்குச் சீட்டு வாங்கியவர்கள்.
நாளைக்குக் கார் அனுப்புகிறேன் என்றான்.
நான் தலையாட்டினேனா
தலை தானாக ஆடியதா, தெரியாது.

காவலாளி பஸ்தாவியின் அண்ணி நஜாத்.
கரும்பு ரயிலின் தண்டவாளம் தாண்டி வீடு.
கழிப்பறைக்குக் கதவில்லை, பூப்போட்ட துணி.
அதன் முன்னால்
எனக்கு முதுகைக் காட்டி முக்காலி போட்டு உட்கார்ந்தாள்.
மாமனாரை விரட்டினாள், கோழியை விரட்டினாள்,
நலம் விசாரிக்க வந்த தெருவை விரட்டினாள்.
எந்தக் கருவறைக்கும்
இப்படியொரு துவாரபாலகி அமைந்ததில்லை.

எங்களுக்குள் ஒரு பாஷையும் இல்லை.
‘கம்மூன்’ என்று தம்ளரை நீட்டினாள்.
மேலே எலுமிச்சைத் துண்டு மிதந்தது,
அடியில் கிடந்ததை மூக்குதான் முதலில் வாசித்தது:
சீரகம்.
பிரித்து எழுதுக. சீர் கூட்டல் அகம்.
ஏழாம் வகுப்பில் இரண்டு மதிப்பெண்.
அகம் அவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொள்ளவில்லை,
முதல் தம்ளரைத் திருப்பித் தந்தது.
மூன்றாவதை வைத்துக்கொண்டது.

இரவு காய்ச்சல் ஏறியது.
காட்சிக்கூடத்துக் கண்ணாடிக்குள் கிடந்த
துணி சுற்றிய முதலைகள்
ஒவ்வொன்றாக இறங்கி வந்து
என் பாயில் படுத்துக்கொண்டன.
நெற்றியில் நஜாத் ஈரத்துணியைச் சுற்றியபோது
என்னைப் பதப்படுத்துகிறாள் என்று அழுதேன்,
தமிழில்.
அவள் ஒரு சுற்றைத் தளர்த்தினாள்.

விடிந்ததும் கையிலிருந்த பவுண்டுகளையெல்லாம் நீட்டினேன்.
வேண்டாம் என்று நாடகம் ஆடவில்லை.
வாங்கி எண்ணினாள்,
மருந்துக்கடை ரசீதை என் முன் விரித்தாள்,
கழித்தாள்,
மிச்சத்தை என் பைக்குள் திணித்தாள்.
கணக்கு சரியாக இருந்தது. 
முக்காலி கணக்கில் இல்லை.

என் பயணப் படங்களில் எத்ஃபூ கிடையாது.
அது இருக்கவேண்டிய இடத்தில்
நஜாத்தின் மகள் ஹனீன்
என் கைபேசியில் எடுத்த நாற்பத்தோரு படங்கள்.
கூரை, கூரை, கோழி, கூரை,
யாரோ ஒரு வெளிநாட்டுக்காரியின் குதிகால்,
வாய் பிளந்து தூங்கும் அதே வெளிநாட்டுக்காரி,
விரல் மறைத்த இருட்டு ஆறேழு.
கடைசியில்
கழுதையின் ஒரு காது, மிகப் பக்கத்தில்.
ஓரத்தில் நீல வாளி.