பத்து வரை எண்ணுதல்

அவள் வாயைத் திறக்கும்போதே
என் கால்விரல்கள் மடங்கிக்கொள்கின்றன.
ஒன்று.
கவ்விவிட்டாள்.
இரண்டு, மூன்று…
பத்துக்குள் அடங்கிவிடும் என்றாள் ஹல்பெரா.
நேற்று முப்பத்தேழு வரை போனேன்.
அதற்குமேல் எண்கள் வரவில்லை.

மீன் ஆலையில் ஆறு வருஷம் கத்தி பிடித்தவள்.
காட் மீனின் முள்ளோடு
கட்டைவிரல் சதையும் போன அன்று
கையுறையை மாற்றிக்கொண்டு
சங்கு ஊதும்வரை நின்றேன்.
அந்த நான்தான்
மூன்று கிலோ எடையுள்ள ஒருத்தி
பசியில் தலையைத் திருப்பினால்
சுவரோடு ஒட்டிக்கொள்கிறேன்.

எங்கள் மொழியில் மருத்துவச்சிக்கு
ஒளியின் தாய் என்று பெயர்.
மலைக்குப் பின்னால் போன சூரியன்
இரண்டு மாதமாகத் திரும்பவில்லை.
ஹல்பெரா நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு
பனியில் நடந்து வருவாள்.
பிள்ளையின் நாக்கைத் தூக்கிப் பார்த்தாள்,
தாடையை இறக்கினாள்,
என் மார்பை ரொட்டித்துண்டு போல் மடித்து ஊட்டிக் காட்டினாள்.
அவள் இருந்தவரை
வலி விருந்தாளியைப் போல மரியாதையாக இருந்தது.
அவள் படியிறங்கியதும்
காலணியோடு உள்ளே வந்தது.

வெடிப்புக்குத் தந்த களிம்பு
ஆட்டு ரோமத்திலிருந்து எடுத்ததாம்.
லேசாகக் கொட்டில் வாசம்.
ஈன்ற ஆடு ஒன்று குட்டியை உதைத்துத் தள்ளியதை
சின்ன வயதில் பார்த்திருக்கிறேன்.
கெட்ட ஆடு என்றோம்.
மன்னித்துக்கொள், ஆடே,
குனிந்து உன் மடியை
நாங்கள் யாரும் பார்க்கவில்லை.

பத்தாம் நாள் அவள் கக்கியது இளஞ்சிவப்பாக இருந்தது.
ரத்தம் என்னுடையதுதான் என்று தெரிந்தபோது
அப்பாடா என்றிருந்தது.

இந்த ஊரில் பிள்ளைக்கு
அவசரப்பட்டுப் பெயர் வைப்பதில்லை.
வெறுமனே 'பெண்' என்போம்.
இடது மார்புக்குத்தான் ஒரு பெயர் வைத்திருந்தேன்,
அதை இங்கே எழுத முடியாது.

பால்மாவு டின்
காப்பிப் பொடிக்குப் பக்கத்தில், முத்திரை உடையாமல்.
பிராண்டுர் அதைப் பார்க்காதவன் போலவே
காப்பி எடுப்பான்.
"நீ என்ன முடிவெடுத்தாலும் சரி" என்பான்.
நல்லவன்.
கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு
தான் மட்டும் வெளியே நிற்கிற வாக்கியம் அது.

பிறகு அந்த இரவு, மூன்று மணி.
அவள் அழக்கூட இல்லை, முனகினாள்.
"வேண்டாம்" என்றேன்.
உரக்க. அவள் முகத்தைப் பார்த்து.
அந்தச் சொல் அறையிலேயே நின்றது.
அவனை எழுப்பினேன்.
முத்திரை உடைகிற சத்தம் சின்னதுதான்.
அவள் குடித்தாள்.
யாருடையது என்று கேட்கவில்லை.

நான் தூங்கினேன்.
சூரியன் மலையைத் தாண்டித் திரும்பிய நாள் அது.
ஊரே தெருவில் நின்று பார்த்து,
பான்கேக் சுட்டு, காப்பி குடித்ததாம்.
நான் தூங்கினேன்.
இரண்டு பான்கேக் எடுத்து வைத்திருந்தான்,
ஆறிப்போய், ஜாம் காய்ந்து.

நிறுத்தினேன் என்று சொல்ல இன்னும் வரவில்லை.
ஒரு வேளை குறைந்தது, பிறகு இன்னொரு வேளை.
பால் கட்டிக் கல்லானது.
உள்ளாடைக்குள் முட்டைக்கோஸ் இலையோடு
கடைக்குப் போய் வந்தேன்.
குளியலறையில் பீய்ச்சிவிட்டதை
வடிகால் குடித்தது. அதற்கு மட்டும் அழுதேன்.

ஒரு மாலை
புட்டியைப் பிடித்தபடி, பல்லைக் கடிக்காமல்,
அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
இடது புருவம் வலதைவிட உயரம்.
இத்தனை நாள் தெரியவில்லை.
யோருன் என்றேன்.
பிராண்டுர் தலையாட்டினான்.

நேற்று நீச்சல்குளத்தின் பொதுக் குளியலறையில்
யாரோ ஒருத்தியின் பிள்ளை பசித்து அழுதது.
யோருன் என் தோளில் தூங்குகிறாள்.
வெந்நீரோடு சேர்ந்து
என்னிடமிருந்து வெள்ளையாக ஏதோ வழிந்து
ஓடுகள் மேல் போயிற்று.
கால்விரல்கள் மடங்கின.
ஒன்று என்றேன்,
பழக்கத்தில்.