சுனை

முரசுமோட்டைப் பக்கம் வெட்டு மெசின் ஓடுகிற
அமிர்தசீலனின் நெஞ்சைக் கழுவி எடுத்த நீர்
ஆய்வுகூடத்துக்கு வந்தது.
இருபது மில்லிலீற்றர். கலங்கல்.
காலபோக வெட்டு முடிந்து
வைக்கோல் மழையில் நனைந்த கிழமை.

"நெல்லுச் சுனைதானே, குளிச்சால் போச்சு" என்று
நாலு வருசமாய்ச் சொல்லித் திரிந்தவராம்.
தோலில் பட்ட சுனைக்கு வாய்க்கால் இருக்கிறது.
உள்ளே போனதுக்கு?

சாயம் ஏறுமட்டும் காத்திருந்தேன்.
கரண்ட் ஒருக்கால் போய் வந்தது.

முதலில் கண்ணில் பட்டவை
துண்டு துண்டாய்க் கரு உடைந்த
அவசரக்காரக் கலங்கள்.
பூஞ்சண வாடை பட்ட உடனே
குழாய்ச் சுவரை நெகிழ்த்திக்கொண்டு வந்து
கையில் இருந்த நஞ்சையெல்லாம் கொட்டி
வந்தவனோடு வீட்டையும் பொசுக்கி
ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள்,
அதோடு சரி.

அவற்றை விட அதிகம்,
சின்னச் சின்ன உருண்டைகள்.
போன மாசி வைக்கோலை மறக்காதவை.
தூசி ஒரு சிட்டிகைதான்;
ஞாபகம்தான் இவ்வளவு வீங்கியிருக்கிறது.

பிறகு பெரிய தின்கலங்கள்,
வயிறு நுரைத்து, ஆறுதலாய்.
செத்துக் கிடக்கிற அவசரக்காரரை
ஒவ்வொன்றாய் விழுங்குகின்றன.
படித்த காலத்தில் நம்பாமல் விட்ட வரி:
செத்ததைத் தின்ற பிறகுதான்
அது சண்டைக் குணம் மாறி
திருத்துகிற கலம் ஆகிறது.

இந்த ஊரில் இருந்துகொண்டு
இதற்கு மேலே எழுதினால் உவமையாகிவிடும்.
நூறுக்கு எத்தனை என்று மட்டும் எழுதினேன்.
கையெழுத்து. திகதி.

திருத்துகிறவைக்கும் நிறுத்தத் தெரிய வேண்டும்.
தெரியாவிட்டால் நார் மேல் நாராய்ப் பூசி
காற்று இருக்க வேண்டிய அறையைச்
சுவராக்கிவிடும்.
அதை ஸ்லைட் காட்டாது. ஸ்கானுக்கு
யாழ்ப்பாணம் போக வேண்டும்.

யன்னலுக்கு வெளியே அவர் நின்றார்.
"சிறுபோகத்துக்கு மெசின் இறக்கலாமோ மிஸ்?
லீசிங் காசு எட்டு மாசம் கிடக்கு."
அந்த ஒரு கேள்விக்கு
மூன்று இடத்தில் மூச்சு வாங்கினார்.

டொக்டரைக் கேளுங்கோ என்றேன்.

டொக்டர் அவர் முதுகில் குழல் வைத்துக்
கண்ணை மூடிக் கேட்டார். பிறகு, ஏனோ,
குழலை என்னிடம் தந்தார்.

உள்ளே, அடியில், இரண்டு பக்கமும்,
காய்ந்த வைக்கோலில்
யாரோ மெல்ல மெல்ல
நடந்துகொண்டிருந்தார்கள்.