சொல்லப்பட்டது

புதுக்கடை, நீதிமன்றத்துக்கு எதிர்மாடி.
மின்விசிறி சுற்றுக்கு ஒருமுறை தட்டுகிறது.
கொட்டாஞ்சேனையிலிருந்து வந்த செலஸ்டீனா
நான்காய் மடித்த தாளை மேசையில் வைத்து
"என்ன சொல்லியிருக்கிறாங்கள் எண்டு பாருங்கோ" என்கிறாள்.

நொவொரொஸ்ஸிஸ்க், காப்புறுதிக் கம்பனி.
கப்பலின் எந்திர அறையில் நின்ற ரொமால்டின் பெயர்
இரண்டு இடத்தில் பிழையாக.
மூன்றாம் வரியில் அந்தப் பெயரடை:
ஃபதால்னி.

ரோஸ்தோவில் ஐந்து வருடம் படித்தேன்.
பகிடிக்கும் சொல்வார்கள் அங்கே,
பஸ் தவறினால், கால்சட்டை கிழிந்தால்.
வால் மட்டும் ரஷ்யன். உடம்பு பிரெஞ்சு,
நடன மண்டபங்கள் வழியாகப் பனிக்குள் வந்தது.
எலும்பு லத்தீன்: ஃபாத்தும்.
விதி என்பது பிறகு ஏறிய பொருள்.
முதலில் வெறும் "சொல்லப்பட்டது."
யாரோ வாய் திறந்தார்கள், ஆயிற்று.

நாங்கள் அதைத் தலையில் எழுதிக்கொண்டவர்கள்.
இந்தச் சொல்லின் முதல் ஒலிக்கு எங்களிடம் எழுத்தில்லை;
மூன்று புள்ளியை முட்டுக்கொடுத்திருக்கிறேன்.

கீழே தேநீர்க்கடையில் யாரோ கத்துகிறார்கள்
சிங்களத்தில், வாளிக்கு.
போர்த்துக்கீசர் விட்டுப்போன சொல்.
அதன் முதல் ஒலிக்கும் எழுத்தில்லை,
ப என்றுதான் போடலாம், முட்டுக்குப் புள்ளியும் கிடையாது.
எண்பத்து மூன்று, ஜூலை, பொரளையில் மறித்த பஸ்ஸில்
இருக்கை இருக்கையாக அந்த ஒரு சொல்லைக் கேட்டு வந்தார்கள்.
அம்மா பெரியாஸ்பத்திரித் தாதி.
உதட்டை மூடித் திறந்து பிசகாமல் சொன்னாள்.
முன்னிருக்கை மனிதர் கழுத்துப்பட்டியைத் தளர்த்தி
"வா" என்று தொடங்கினார்.

எனக்கு நாலு வயது.
என் வாயை மூடிய உள்ளங்கையில் டெட்டோல் மணம்.
அதே வேரில் இன்னொரு சொல் இருக்கிறது லத்தீனில்:
இன்ஃபான்ஸ்.
பேசாதது. குழந்தை.
என்னிடம் யாரும் கேட்கவில்லை.

கடைப் பையன் வாளியோடு ஓடுகிறான்,
ஹற்றன் பையன், அந்தச் சொல்லையே திருப்பிச் சொல்லிக்கொண்டு.
சரியாகத்தான் சொல்கிறான்.
யாரும் கவனிக்கவில்லை, நான்தான்
காதைத் தீட்டிக்கொண்டு இருக்கிறேன்.

"சேர், கன நேரமாப் பாக்கிறியள்."

மரணத்தில் முடிந்த, என்று எழுதுகிறேன்.
காசு வர அந்தச் சொல் வேண்டும்.
மூலத்தின் பிழையைத் திருத்த
சத்தியப்பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளனுக்கு உரிமையில்லை;
ரொமால்டின் பெயரை இரண்டு இடத்திலும் சரியாக எழுதுகிறேன்.
முத்திரை குத்துகிறேன்.

"ஒருக்கா வாசிச்சுச் சொல்லுங்கோ" என்கிறாள்.

தாளைத் திருப்பி
அவள் பக்கமாக நகர்த்துகிறேன்.