பின்கண்ணாடிக்குத் தண்ணீர்

துடைப்பான் இருந்தது,
தண்ணீர்தான் இல்லை.
எண்பத்தேழில் ஜப்பானில் யாரோ
செலவுக் கணக்கில் அடித்துவிட்ட ஒரு வரி
இத்தனை வருஷம் கழித்துக்
கொட்டிவாக்கத்தில் என் தலையில் விடிந்தது.

ராத்திரி முழுக்கக் கடற்காற்று உப்பு பூசும்.
தூங்குமூஞ்சி மரம் தன் பங்குக்குப் பிசின்.
காக்கைகளைப் பற்றிச் சொல்ல வேண்டாம்.
காலையில் துடைப்பானை ஓடவிட்டால்
காய்ந்த ரப்பர் கரகரத்துக்கொண்டு
தோசைக்கல்லில் மாவு இழுக்கிற மாதிரி
அத்தனையையும் அரைவட்டமாய்ப் பரப்பி வைக்கும்.
பின்னால் வருவது பேருந்தா பிள்ளையார் ஊர்வலமா
சத்தத்தை வைத்துத்தான் சொல்ல வேண்டும்.

விற்றுத் தொலை என்றாள் அக்கா.
சிவப்பு, இரண்டே கதவு,
கண் திறந்து மூடும் முன்விளக்கு,
அதில் இடதுகண் கொஞ்சம் சோம்பேறி.
இதை விற்றுவிட்டு
வேறு எதற்கு நான் கடன் கட்டுவது?

புதுப்பேட்டையில் சம்சுகனி
ஆம்னியிலிருந்து கழற்றிய மோட்டாரைத் தந்தார்.
நூற்றெழுபது ரூபாய்.
ஓடுமா பாய்?
"ஓடலன்னா எடுத்துட்டு வாங்க,
ஓடாதது இன்னொண்ணு தர்றேன்."

ஓடியது.
ஆனால் போத்தல் முன்னால், கண்ணாடி பின்னால்,
கம்பளத்துக்கு அடியில் நாலரை மீட்டர் குழாய்.
அழுத்தினால் பதினோரு விநாடி கழித்து வரும்,
விட்டால் வந்த வழியே திரும்பிவிடும்.
ஒருவழி வால்வு வேண்டும்.
எனக்குத் தெரியாத சங்கதியில்லை.
டயாலிசிஸ் பிரிவில் ஒன்பது வருஷம்,
குழாயும் பம்புமாய்,
உள்ளே குமிழி நுழையாமல் பார்ப்பதுதான் பிழைப்பு.
ஆஸ்பத்திரிச் சாமானில் கை வைக்கவில்லை.
கொளத்தூர் மீன்தொட்டிக் கடையில் வாங்கினேன்,
இருபத்தைந்து ரூபாய்,
தங்கமீன்கள் வாயைத் திறந்து மூடிப் பார்த்திருக்க.

டிக்கிக் கதவில் துளை போடவேண்டிய இடத்தில்
மூன்று ஞாயிறு டேப் ஒட்டினேன், பிரித்தேன்.
பதினாறாம் நம்பர் ஊசியை
அடுத்தவர் கையில் இறக்கும்போது நடுங்காத விரல்
சிவப்புப் பெயின்டின் மேல் நடுங்கியது.
"லேசா வலிக்கும்" என்று
தகரத்திடம் சொல்லிவிட்டேன், பழக்க தோஷம்.

எபனேசர் வயர் இழுத்தான்.
அவனிடம் இருந்தது காலிங்பெல் ஸ்விட்ச்,
மணிப் படம் போட்டது.
அதுவே இருக்கட்டும் என்றேன்.

தண்ணீர், ஏசியிலிருந்து வாளியில் வடிவது.
எங்கள் போர் தண்ணீரை ஊற்றினால்
பத்தே நாளில் நுனி அடைத்துக்கொள்ளும்.

செவ்வாய், வியாழன், சனி
நான்காம் படுக்கையில் குணாளன்.
முன்பு கால்டாக்சி ஓட்டியவர்.
ஊசி ஏறியதும் வண்டிக் கதையை
விட்ட இடத்திலிருந்து கேட்பார்.
"போத்தல் எவ்ளோ புடிக்கும்?"
முக்கால் லிட்டர்.
"அட, எனக்கு ஒரு நாளைக்கு" என்றார்,
ஐஸ் துண்டை இந்தக் கன்னத்திலிருந்து
அந்தக் கன்னத்துக்கு மாற்றிக்கொண்டு.
நான் மெஷின் திரையில்
ஏதோ ஓர் எண்ணைப் பார்த்தேன்.

முதல் பீச்சல் திருவான்மியூர் சிக்னலில்.
கண்ணாடியைத் தொடவேயில்லை.
வளைந்து எழும்பிப்
பின்னால் நின்ற பைக்காரர் தலையில்.
அவர் ஹெல்மெட்டைத் தூக்கி அண்ணாந்து பார்த்தார்.
மே மாதம். ஒரு மேகம் இல்லை.
பிறகு உள்ளங்கையை நீட்டிக்
கொஞ்ச நேரம் வைத்திருந்தார்.
குண்டூசியால் நுனியைத் திருப்பியது அப்புறம்.

சனிக்கிழமை இதைச் சொன்னதும்
ஊசி இருந்த கையை மட்டும் அசைக்காமல்
மற்ற உடம்பெல்லாம் குலுங்கச் சிரித்தார் குணாளன்.
அலாரம் அடித்தது. அணைத்தேன்.
"இன்னொரு தடவ அடிச்சிருக்கலாமேம்மா" என்றார்.

இப்போது பின்னால் ஒரு விசிறி அளவு தெளிவு.
அதற்குள்
மூடி சரியாகப் பொருந்தாத தண்ணீர் லாரி ஒன்று
ரோடெல்லாம் சிந்திக்கொண்டே
நெருங்கி வருகிறது.
ஒதுங்கி வழி விடுகிறேன்.