பதினேழாம் அத்தியாயம் ஏன் தாமதம்

அன்புள்ள மார்லா டெவிட்,
பின்லாந்துக்காரர்களிடம் புகழுக்குச் சொல்லே இல்லையா
என்று கேட்டிருந்தார் உங்கள் முகவர்.
இருக்கிறது.
கொஞ்சம் அதிகமாகவே இருக்கிறது,
தாமதம் அதனால்தான்.

புகழ்பெற்றவரை 'கூலுயிசா' என்போம்.
அதன் வேரில் இருப்பது ஒரு காது:
எவருடைய சத்தம் கேட்கிறதோ, அவர்.
அதே வேரில்தான்
சொந்தமாக இருப்பதும் முளைத்திருக்கிறது.
என் இடது கையுறை இனி
பக்கத்து வீட்டு நாய்க்குச் சொந்தம் என்று சொல்லவும்
எனக்கு அந்த வினைதான் வேண்டும்.

நீங்கள் எழுதுகிறீர்கள்:
'உலகத்துக்கே என் குரல் கேட்டது,
நான் எவருக்கும் சொந்தமாக இல்லை.'
எங்கள் பக்கம் வந்ததும்
ஒரே வினை இரண்டு முறை வந்து
தன் காலைத் தானே மிதித்துக்கொள்கிறது.
நான்கு நாள் பிரித்துவைக்கப் பார்த்தேன்.
ஐந்தாம் நாள் விட்டுவிட்டேன்.
வாசகர்கள் அங்கே கொஞ்சம் தடுக்கி விழுவார்கள்.
விழட்டும்.

'நூற்று இருபது நாடுகளில் அறியப்பட்டவள்.'
இது சுலபம் என்றுதான் நினைத்தேன்.
ஆனால் நாங்கள் ஆளை அறிவதும்
பல்வலியை உணர்வதும்
ஒரே சொல்லால்.
ஆகவே எங்கள் பதிப்பில் நீங்கள்
நூற்று இருபது நாடுகளில்
வலித்துக்கொண்டும் இருப்பீர்கள்.

உங்கள் மேடை வெளிச்சத்தில் சுண்ணாம்பு எரிகிறது.
எங்களுடையதில் வெறும் விளிம்பு,
மேடைக்கும் படகுக்கும் பொதுவான விளிம்பு.
கயானியில் இது டிசம்பர்.
பத்து மணிக்கு மேல் சோம்பலாக வரும் சூரியன்
இரண்டேகாலுக்குள் கடையைக் கட்டிவிடும்.
'வெளிச்சம் என்னைத் தின்றது' என்ற வரியை
மதியம் மூன்று மணிக்கு
மேசை விளக்கின் கீழ் தட்டச்சு செய்தபோது
சிரித்துவிட்டேன்.
மன்னியுங்கள்.

அப்புறம் அந்த வாக்கியம்:
'நான் படைக்கவே பிறந்தேன்.'
அதை எழுதி, பிடிக்காமல் அழித்து,
காப்பி போட எழுந்தேன்.
மாடி வீட்டு ரைலி கதவைத் தட்டினாள்.
பேருந்து ஓட்டுபவள், முதல் வண்டி ஐந்தரைக்கு.
'இன்று படைப்பது உன் முறை' என்றாள்.

விளக்கிச் சொல்கிறேன்.
வானத்தையும் பூமியையும் கடவுள் எந்த வினையால் செய்தாரோ
அதே வினையால்தான் நாங்கள்
வாசலில் விழுந்த பனியைத் தள்ளுகிறோம்.
பாம்பு சட்டை உரிப்பதும் அதே வினையால்.
எங்கள் அடுக்குமாடியில் படைப்புக்கு ஒரு அட்டவணை உண்டு,
மின்தூக்கிக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறது.

படைத்தேன்.
நாற்பது நிமிடம்,
படிக்கட்டிலிருந்து குப்பைத்தொட்டி வரை.
நிமிர்ந்து பார்த்தால்
முதல் படி மறுபடியும் வெள்ளை.
ரைலி அதன்மேல் நடந்து போனாள்.
வழுக்கவில்லை.
ஒன்றும் சொல்லவும் இல்லை.

உள்ளே வந்து வாக்கியத்தை அப்படியே வைத்தேன்.
பாதிப் பேர் உங்களை மண்வாரியோடு நினைத்துப் பார்ப்பார்கள்.
இங்கே அது மரியாதைக் குறைவு அல்ல.

ஒரே ஒரு கேள்வி, இதற்கு மட்டும் பதில் வேண்டும்.
பக்கம் இருநூற்றுப் பன்னிரண்டு.
மகள் சோபாவில் தூங்குகிறாள்,
நீங்கள் பாத்திரம் கழுவுகிறீர்கள்,
'என் ஆகச் சிறந்த வேலை இதுதான்' என்கிறீர்கள்.
உங்களுக்கு ஒரே சொல் போதுமாக இருக்கிறது.
எங்களுக்கு, முதுகு வலிக்கச் செய்வது ஒன்று,
செய்து முடித்துச் சுவரில் மாட்டுவது இன்னொன்று.
எது?
பாட்டா, பாத்திரமா, அவளா?
யோசித்துச் சொல்லுங்கள்.
அச்சகம் பதினான்காம் தேதி வரை காத்திருக்கும்.

அட்டையில் உங்கள் பெயர் தங்க எழுத்தில் வருகிறது.
மாதிரி பார்த்தேன், நன்றாக இருக்கிறது.
என்னுடையது உள்ளே,
பதிப்புரிமை வரிக்குக் கீழே, எறும்பளவில்.
குறை சொல்லவில்லை.
போன புத்தகத்தில் ஒரு எழுத்தை முழுங்கிவிட்டார்கள்,
அதற்காகச் சொல்கிறேன்:
துவோவி ஹக்கோலா.
அந்த 'க்' முக்கியம்.
அது இல்லாவிட்டால்
வேறு யாரோ ஒருத்தி.