அறுபத்து நான்கு பைட் வரி

புளியரையில் இரவு ஒன்றரை மணி.
கோட்டைவாசல் ஏற்றத்தில்
எம்சாண்ட் லாரி ஒன்று இரண்டாம் கியரில் முனகுகிறது.
என் திரையில்
நூற்றுக்கு முப்பத்தொரு பங்கு நேரம்
ஒரே இடத்தில் தேங்கிக் கிடக்கிறது:
வந்து இறங்கிய பாக்கெட்டின்
முதல் பைட்டை எட்டிப் பார்க்கும் இடம்.

அங்கே கணக்கு எதுவும் போடவில்லை.
சும்மா படிப்பதுதான்.
படிக்க வேண்டியது கேஷில் இல்லை,
ராமுக்குப் போய் வர வேண்டும்.
அதுவரை ப்ராசஸர்
கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறது.

வரி என்றால் இந்த ஊரில் வேறு.
கீழே மஞ்சள் கட்டடம், வணிகவரிச் சாவடி,
பூட்டிப் பல வருஷமாகிறது.
என் வரி அறுபத்து நான்கு பைட்.
அதற்குள் யாரோ, எந்த வருஷமோ,
இரண்டு எண்ணிகளை ஒட்டி வைத்திருக்கிறார்கள்.
வந்ததை எண்ண ஒன்று, போனதை எண்ண ஒன்று.
இரண்டு கோர், ஒரே வரி.
ஒன்று எழுதினால் மற்றதன் பிரதி செல்லாது.
நொடிக்குப் பல லட்சம் தடவை
பிடுங்கிக்கொள்கின்றன,
பகையே இல்லாமல்.

ஒன்றைக் கடைசிக்கு நகர்த்தினேன்.
முப்பத்தொன்று அசையவில்லை.
அதற்குக் கீழே இருந்த ஒரு ஏழு மட்டும்
காணாமல் போனது.

முன்கூட்டியே கேட்டுவைத்தால்?
மைதீன் பிச்சை கடையில் பார்த்திருக்கிறேன்.
மூன்றாவது வளைவில் ஹெட்லைட் திரும்பினால்
கல்லில் பரோட்டா விழும்.
லாரி நிற்கும்போது வெந்திருக்கும்.
ஐந்தாவது வளைவிலேயே போட்டால்
ஆறிச் செருப்புத் தோலாகும்.
நான்கு பாக்கெட் முன்னால் கேட்டேன், ஏறியது.
பதினாறு முன்னால் கேட்டேன்:
வாங்கி வைத்ததைத் தொடும் முன்பே
வெளியே தள்ளிவிட்டார்கள்,
மறுபடி ராமுக்கு நடை.

புனலூரில் லிஜின் விழித்திருந்தான்.
"கொள்ளாம்" என்றான். பிறகு,
"அந்த ரெண்டு சாக்கெட் மெஷின்ல ஓட்டிப் பார்த்தியா?"
பார்க்கவில்லை.
பார்த்தேன்.
அங்கே அட்டை ஒரு சாக்கெட்டில், நினைவகம் மறு சாக்கெட்டில்.
நான்கு போதாது, எட்டு கேட்டது.
வளைவுகள் அங்கே நீளம்.

அவனிடம் சொல்லாதது ஒன்று உண்டு.
டோர்பெல் அடிக்கும் முன்
அடுத்தடுத்து இரண்டு மெமரி பேரியர்.
ஒன்று எதற்கென்று தெரியும்.
மற்றதற்கு ஒரு குறிப்பும் இல்லை.
நேற்று அதை எடுத்துவிட்டு விடியும்வரை ஓட்டினேன்.
வேகம் கூடியது. எதுவும் உடையவில்லை.
உடையவில்லை என்பதெல்லாம் சாட்சியா?

மூன்றே முக்கால்.
காலி லாரி ஒன்று மலை இறங்கி வருகிறது.
மஞ்சள் கட்டடத்தின் முன்,
தடுப்புக் கம்பி இல்லாத இடத்தில்,
ப்ரேக் விளக்கு ஒரு நொடி சிவந்து
அணைகிறது.

அந்த வரியை அழித்தேன்.
திரும்பப் போட்டேன்.
தலைமேல் ஒரு குறிப்பும்:
ஏன் என்று எனக்குத் தெரியாது,
இருக்கட்டும்.