பிழை எல்லை

தென்கோடி வோருவிலிருந்து தார்த்துக்கு
காலைப் பேருந்தில் வந்திறங்கின இரண்டு சாக்குகள்.
ஒன்றில் காவ்போவின் கேரட், மற்றதில் விர்வெயின் கேரட்.
மணமுறிவு வரை ஒரே வயல்.
இப்போது நடுவில் கம்பி வேலி:
அவன் பக்கம் தொழுவுரம், கைக்களை,
அவள் பக்கம் யூரியா, தெளிப்பான்.

எனக்குப் பெயர்கள் தெரியக் கூடாது.
நானூற்றுப் பதினேழு, ஐந்நூற்று எண்பத்திரண்டு,
அவ்வளவே.
எஸ்டோனியா சின்ன நாடு. தெரிந்துவிட்டது.

கழுவினேன். தோல் சீவவில்லை, விதிமுறை அப்படி.
உறையவைத்து, உலர்த்தி, அரைத்தபோது
இரு கிண்ணத்திலும் ஒரே காவி.
மூக்கை வைத்துப் பார்த்தேன்,
விதிமுறையில் இல்லாத சோதனை.
இரண்டிலும் பென்சில் சீவிய வாசனை.

கரோட்டீன் கிட்டத்தட்ட ஒன்று.
வைட்டமின் சி நானூற்றுப் பதினேழில் மயிரிழை கூடுதல்.
நைட்ரேட் மற்றதில் கொஞ்சம் தூக்கல்,
ஆனால் ஒரே சாக்கின் இரண்டு கேரட்டுக்கு நடுவே
அதைவிடப் பெரிய இடைவெளி.
ஆகஸ்டு மழை எங்கே தேங்கியதோ,
எந்தச் சாக்கு எஞ்சின் பக்கம் வெந்ததோ.
பூச்சிமருந்து எச்சம் பார்ப்பது மேல்மாடி.
அதற்கு இருவரிடமும் பணம் இல்லை.

காவ்போ தினமும் தொலைபேசினான்.
விர்வெ ஒரே ஒருமுறை.
"தோற்றுவிட்டேனா?"
கேரட்டைத்தான் கேட்கிறாள் என்று வைத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை ஒரு தபால் அட்டை.
ஸாதெ, அவர்களின் மகள், வயது பத்து.
புதன் வரை ஒரு வீடு, பிறகு வேலி தாண்டி இன்னொன்று.
"சாக்குகளை ஏற்றியது நான்.
எண் சீட்டுகள் அவிழ்ந்து விழுந்தன.
ஞாபகம் இருந்தபடி கட்டினேன்.
அவ்வளவாக ஞாபகம் இல்லை.
அப்பாவிடம் சொல்லாதீர்கள். அம்மாவிடமும்."

ஒரு பருவத்து உழைப்பு.
அட்டவணையில் தலைப்புகளை இடம் மாற்றினேன்,
திரும்பவும் பழையபடி வைத்தேன்.
எப்படி வைத்தாலும் கடைசி வரி அசையவில்லை:
குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

ஆனாலும் மாதிரி செல்லாது.
'அடையாளம் உறுதியில்லை' என்று எழுதி மேலே அனுப்பினேன்.
யாரால் என்ற கட்டத்தில்
'போக்குவரத்து' என்று போட்டேன்.

மிச்சம் பதினோரு கேரட்.
ஒரே பானையில் கொட்டி சூப் வைத்தேன்.
உப்பு குறைவு.
குடித்துக்கொண்டே அட்டையைத் திருப்பினால்
தபால்தலைக்குக் கீழே, இடம் போதாமல் சாய்ந்து,
இன்னும் இரண்டு வரி:
"எனக்குக் கேரட் பிடிக்காது.
அடுத்த வருஷம் பட்டாணி கேட்பீர்களா?"